கடல் காணாத நாடு

ஐரோப்பாவின் நிலப்படத்தை விரித்துவைத்துத் தேடினாலும் கண்ணில் எளிதிற் படாத நாடுகள் சில உண்டு. லக்சம்பர்க் என்பது ஒன்று. அதன் பரப்பு 2,586 சதுரக் கிலோமீட்டர். அன்டோரா மற்றொன்று, 468 சதுரக் கிலோமீட்டர். லீக்டென்ஸ்டைன் 160. சான் மரினோவோ வெறும் 61! 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது நமது ஆவடியின் பரப்பு 65 சதுரக் கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஆவடிக்குள்ளே அடங்கிவிடும் நிலத்தை வைத்துக்கொண்டு, ஒரு நாட்டார் தமக்கெனக் கொடி வைத்திருக்கிறார்கள், சட்டமன்றம் வைத்திருக்கிறார்கள், உலக மன்றத்திலே வல்லரசுகளுக்குச் சமமாக ஒரு நாற்காலியும் வைத்திருக்கிறார்கள்! இந்த நான்கு நாடுகளுக்கும் கடற்கரை கிடையாது. நாற்புறமும் அயலான் நிலம்; துறைமுகமில்லை, கப்பற்படையில்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே உழைத்துவிட்டு மாலையிலே படிப்பகத்துக்கு வரும் இளைஞர்களும், பூவிருந்தவல்லிப் பள்ளிகளிலே பயிலும் மாணவர்களும் இந்த நாடுகளின் பெயர்களைப் பொது அறிவு நூல்களிலே படித்து மனப்பாடம் செய்கிறார்கள். தலைநகர் எது, நாணயம் எது என்று கேட்டால் தயங்காது விடை வருகிறது. நல்லது, வளர்க அந்த ஆர்வம்! ஆனால் தோழர்களே, நம் தமிழகத்திலேயே, நாற்புறமும் நிலம் சூழ, கடல் காணாது, தனிக் காசு அடித்து, தனிச் சட்டம் வகுத்து, 1948 வரை வாழ்ந்த ஒரு சிறுநாடு இருந்ததே, அதனைப் பற்றி நாம் எத்தனை பேர் அறிவோம்? அதன் பரப்பு ஏறத்தாழ 1,179 சதுர மைல். கிலோமீட்டர்க் கணக்கிலே 3,000-த்தைத் தாண்டும். லக்சம்பர்க்கைவிடப் பெரியது! அதுதான் புதுக்கோட்டை.

அதன் வரலாற்றை ஒருமுறை துருவிப் பார்ப்போம். புகழ்பாட அன்று, அரண்மனைப் புலவர்கள் அந்தப் பணியை வேண்டிய மட்டும் செய்துவிட்டார்கள். பழிதூற்றவும் அன்று. ஒரு சிறுநாடு எதனால் வாழ்கிறது, எதனால் வீழ்கிறது, வாழ்ந்தபோது அதன் மக்கள் வாழ்ந்தனரா என்று அறிவதற்காக.

நிலம்

திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் நடுவே அமைந்திருந்தது அந்தச் சமஸ்தானம். காவிரியின் வளம் அதன் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. தஞ்சையின் பசுமை ஒருபுறம் கண்ணைக் கவர, இங்கோ செம்மண்ணும் சரளையும் மொட்டைப் பாறைகளும். நடுவே வெள்ளாறு ஓடிற்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாறாக. அதற்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று பழங்காலத்தார் பிரித்து வழங்கினர். ஆற்றுநீரை நம்ப முடியாத மக்கள் வானத்தை நம்பினர். பெய்த மழையைத் தேக்கிவைக்க ஆயிரக்கணக்கில் ஏரிகளையும் கண்மாய்களையும் வெட்டினர். கடவுள் தரவில்லை என்று கைகட்டி நின்றிருந்தால் அந்த மண்ணிலே ஒரு குடியும் தங்கியிராது. மண்வெட்டி பிடித்த கைகள்தாம் அந்த நாட்டை உண்டாக்கின.

வெள்ளாறு வங்கக் கடலை நோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் நாட்டின் எல்லை கடலுக்கு முன்னரே முடிந்துவிட்டது. ஆறு கடலைக் கண்டது, நாடு காணவில்லை.

மன்னர்கள் வருமுன்னரே அங்கே வரலாறு இருந்தது. சித்தன்னவாசல் குன்றின் குகையிலே, ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ் எழுத்துகள் கல்லிலே நிற்கின்றன. வேள்வியை மறுத்த சமணத் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் அங்கே உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டிலே தீட்டிய ஓவியங்களிலே தாமரைக்குளம் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. குடுமியான்மலையிலே இசையின் இலக்கணத்தையே கல்லிலே வெட்டிவைத்தனர். கொடும்பாளூரை, மதுரைக்குச் செல்லும் வழியிலுள்ள ஊராகச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. பின்னாளிலே இருக்குவேளிர் அங்கிருந்து ஆண்டனர். வறண்ட நிலம், வளமான அறிவு! இதுதான் புதுக்கோட்டைச் சீமை.

அரசு பிறந்த கதை

தொண்டைமான் மரபினர் அங்கே ஆட்சி தொடங்கியது 1686-ஐ ஒட்டி. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி, தொண்டைமான் மரபிலே பிறந்த காதலி என்பாரை மணந்தார். அந்த அம்மையாரின் உடன்பிறந்தார் இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்குத் தலைவராக்கினார். அதற்குமுன் அங்கே ஆண்டவர்கள் பல்லவராயர்கள். ஆக, அரசு பிறந்தது மைத்துன உறவிலே. வளர்ந்தது வாள் வலியிலே. இதிலே இழிவொன்றுமில்லை, உலகத்து அரசுகள் பலவும் இப்படித்தான் பிறந்தன.

தொண்டைமான்களின் முன்னோர் வடக்கே திருப்பதிப் பக்கத்துத் தொண்டைமண்டலத்திலிருந்து தெற்கே வந்தவர்கள் என்பது அவர்களது குடிவழக்கு. பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் ஆவடியும் அடங்கியதுதானே தொண்டைமண்டலம்! அந்த வழக்கின்படி பார்த்தால், கடலை ஒட்டிய நம் மண்டலத்துப் பெயரைத் தாங்கிச் சென்றவர்கள்தாம் கடலில்லாச் சீமையை ஆண்டனர்.

ஆனால் உழைத்து வந்தோம், போரிட்டு வென்றோம் என்று சொல்லிக்கொள்வது அரண்மனைக்குப் போதவில்லை. இந்திரன் வழிவந்தவர்கள் என்று தெலுங்கிலே ஒரு வம்சாவளி பாடப்பட்டது. தமிழ் மண்ணை ஆளத் தெலுங்குப் பாட்டிலே வானுலகத்துச் சான்றிதழ்! பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலே ஆண்ட மன்னர், காட்டிலே மௌனத் துறவி சதாசிவ பிரமேந்திரரைக் கண்டதாகவும், துறவி மணலிலே மந்திரம் எழுதிக் காட்டியதாகவும், அந்த மணலை அள்ளி வந்து அரண்மனையிலே வைத்துப் பூசித்ததாகவும் மரபு கூறுகிறது. மன்னர்கள் தம்மைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் அடிமைகள் என்று எழுதிக்கொண்டனர். நாட்டின் செப்புக் காசிலே ஒருபுறம் அம்மன் உருவம், மறுபுறம் ‘விஜய’ என்ற தெலுங்கெழுத்து. ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசுகள். நவராத்திரியிலே ஏழைகளுக்கு அரிசியும் அந்தக் காசும் அளந்து கொடுப்பர்.

ஒரு வினாவை எழுப்பிப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் உழுதவன் விளைவித்ததை, அரண்மனை ஆட்கள் களத்திலேயே வந்து பங்கு பிரித்துக்கொண்டு போகும் ‘அமானி’ முறை அந்நாட்டிலே இருந்தது. சேஷையா சாஸ்திரி திவானாக வந்த 1878-க்குப் பின்னரே அந்த முறை ஒழிந்து, பணவரி வந்தது. அளந்து எடுத்தது களத்திலே. அள்ளிக் கொடுத்தது திருவிழாவிலே. எடுத்ததற்குப் பெயர் உரிமை. கொடுத்ததற்குப் பெயர் தருமம்! கொடுத்த கையை மக்கள் கும்பிட்டனர். எடுத்த கையை மறந்தனர். அம்மன் காசின் ஆற்றல் அதுவே.

ஒரு போர், இரு விளைவுகள்

1751-இலிருந்து சில ஆண்டுகள் திருச்சிக் கோட்டையைச் சூழ்ந்து பெரும்போர் நடந்தது. ஒருபுறம் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியும் ஆங்கிலக் கம்பெனியும். மறுபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலப் படைக்குச் சோறு வேண்டும். அந்தச் சோறு பெருமளவு தொண்டைமான் சீமையிலிருந்து போயிற்று. வறண்ட நிலத்து உழவன் தேக்கிய மழைநீரிலே விளைந்த நெல், கம்பெனிச் சிப்பாயின் பானையிலே வெந்தது. அதற்குப் பழிவாங்க 1754-இலே பிரெஞ்சுப் படை சீமைக்குள் புகுந்தது. மக்கள் மாடுகன்றுகளை ஓட்டிக்கொண்டு காடுகளுக்குள் ஓடிவிட்டனர்; ஆளில்லா ஊர்களைப் படையினர் கொளுத்தினர். மன்னர் செய்த கூட்டணிக்கு வட்டி கட்டியது குடியானவன் கூரை!

அதே போர்தான் நம் பக்கத்து வரலாற்றையும் எழுதிற்று. போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடம் கடன்பட்ட நவாபு, அந்தக் கடன் கணக்கிலே சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 1763-இலே செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகக் கைமாறியது. பூவிருந்தவல்லியும் அதைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்களும் அப்படித்தான் கம்பெனியின் ஆளுகைக்குள் வந்தன. ஒரே போரிலே, தெற்கே ஒரு சிறுநாடு கம்பெனியின் நண்பனாகித் தப்பிற்று. வடக்கே நம் ஊர்கள் கம்பெனியின் உடைமையாகி மறைந்தன. நண்பனாவதற்கும் உடைமையாவதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

அடைக்கலம்

இங்கேதான், தோழர்களே, இரு சிறுநாடுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1799. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கம்பெனியின் பீரங்கிக்கு முன் வீழ்ந்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் தப்பி, புதுக்கோட்டைச் சீமையிலே திருக்களம்பூர்க் காட்டுக்குள் வந்து சேர்ந்தார். பின்னே துரத்தி வருவது ஒரு வல்லரசு. முன்னே இருப்பது ஒரு சிறுநாடு. தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தனர். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

1849. ரோமாபுரியிலே குடியரசு வீழ்ந்தது. கரிபால்டி தன் படையிலே எஞ்சியவர்களோடு மலைகளைக் கடந்து ஓடினார். பின்னே துரத்தி வந்தது ஆஸ்திரியப் பேரரசின் படை. முன்னே இருந்தது சான் மரினோ. 61 சதுரக் கிலோமீட்டர் நிலம், தித்தானோ என்னும் ஒரு மலை, கடலில்லை, குறிப்பிடத்தக்க படையில்லை. ஆஸ்திரியா நினைத்திருந்தால் ஒரு பகலிலே அந்த நாட்டை மிதித்துத் துகளாக்கியிருக்கலாம். ஆயினும் சான் மரினோ அவருக்கு அடைக்கலம் தந்தது. அவர் அங்கே தன் படையைக் கலைத்துவிட்டு, சிலரோடு இரவிலே வெளியேறித் தப்பினார். பின்னாளிலே இத்தாலி ஒன்றுபட்டபோது, வழியிலிருந்த சிற்றரசுகள் எல்லாம் கரைந்தன. சான் மரினோ மட்டும் தனித்து நின்றது, இன்றும் நிற்கிறது.

இன்னுமோர் ஒப்புமை. 1797-இலே வெற்றிவெறியோடு இத்தாலிக்குள் வந்த நெப்போலியன், சான் மரினோவுக்கு நிலத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லியனுப்பினான். இருக்கும் நிலம் போதும் என்று மறுத்துவிட்டனர் அந்நாட்டார். புதுக்கோட்டைக்கோ 1803-இலே கீழாநிலைக் கோட்டையும் சீமையும் கம்பெனியின் கையாலே வந்தது. பெற்றுக்கொண்டனர். ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்று எழுதப்பட்டது. அந்த யானை வாங்கப்படவேயில்லை, 1836-இலே அதனையும் தள்ளிவிட்டனர். அந்தக் கொடையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: குடிகள் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்று மெய்ப்பிக்கப்பட்டால் சீமையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது. கொடுத்தவன் எடுக்கவும் வல்லவன் என்ற பாடம் அந்த ஓலையிலேயே எழுதப்பட்டிருந்தது.

எதனால் இந்த வேறுபாடு? தொண்டைமான் கோழை, சான் மரினோவார் வீரர் என்று ஒரே சொல்லிலே தீர்ப்பளித்துவிடுவது எளிது. மேடையிலே கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது ஆராய்ச்சி ஆகாது. தொண்டைமான்கள் போர்க்களம் கண்டவர்கள். கட்டபொம்மனும் குடிமக்களின் வாக்கைப் பெற்று வந்தவரல்லர். வரி தண்டிய ஒரு பாளையக்காரரே. காரணத்தை வேறிடத்திலே தேடுவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் சான் மரினோவிலே மன்னன் இல்லை. இருவரைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறே மாதம் அவர்கள் பதவி. ஏப்ரலிலே ஏறியவர் அக்டோபரிலே இறங்க வேண்டும். ஆறு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பப் போகிறவனுக்கு எந்த வல்லரசு என்ன கையூட்டு கொடுக்க முடியும்? அவன் மகனுக்குப் பட்டம் கட்டுவதாக ஆசை காட்ட முடியுமா? அவனிடம் பறிப்பதற்கு அரியணை இருக்கிறதா? புதுக்கோட்டையிலோ நாட்டின் உயிர் ஒரு குடும்பத்தின் அரியணையிலே கட்டப்பட்டிருந்தது. அரியணைக்கு வரும் ஆபத்து நாட்டுக்கு வரும் ஆபத்தாகத் தோன்றியது. அரியணையைக் காப்பதே நாட்டைக் காப்பதாகக் கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கிலே கட்டபொம்மன் ஒரு செலவினம்.

சிறுநாட்டை வளைப்பது பெரும்படைக்கு எளிதாக இல்லாதிருக்கலாம். ஒரு குடும்பத்தை வளைப்பது என்றும் எளிது. சிறுமை பரப்பிலே இல்லை. முடிவெடுக்கும் உரிமை எத்தனை பேர் கையிலே என்பதிலேதான் இருக்கிறது.

நட்பின் விலை

கப்பம் கட்டாத சமஸ்தானம் என்ற பெருமை புதுக்கோட்டைக்கு இருந்தது. அந்த நட்புக்கு வெள்ளையர் என்ன மதிப்பு வைத்தனர்? விடையைச் சொல்கிறது ஒரு திருமணம்.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-இலே சிறு பிள்ளையாக அரியணை ஏறி, 1894-இலே முழு அதிகாரம் பெற்றார். 1902-இலே மக்கள் பிரதிநிதிகளின் சபை ஒன்றையும் அமைத்தார். 1915-இலே ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்னிலே மாலி ஃபிங்க் என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தார். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட திருமணம். பிரிட்டிஷ் சர்க்கார் அதனை ஏற்க மறுத்தது. அந்த அம்மையாரை அரசியாக ஏற்கவில்லை. பிறந்த மகனுக்கு அரியணை உரிமை இல்லையென்றது. மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார். 1922-இலே ஆட்சிப் பொறுப்பைத் துறந்தார். 1928-இலே பாரிசிலே மாண்டார். நூற்றைம்பது ஆண்டு விசுவாசத்துக்குப் பின், தான் விரும்பிய பெண்ணை மனைவியென்று சொல்லிக்கொள்ளும் உரிமைகூட அந்த மன்னருக்கு இல்லை! திருச்சிக் கோட்டைக்கு அனுப்பிய நெல்லும், திருக்களம்பூரிலே பிடித்துக் கொடுத்த கைதியும் அந்த நாளிலே நினைவுக்கு வரவில்லை. நிறம் குறுக்கே நின்றது.

இங்கே சாதி பார்க்கும் நம்மவர் சிரிக்க வேண்டாம். வெள்ளையன் நிறத்தைச் சொல்லி ஒரு மணத்தை மறுத்தான். நாம் சாதியைச் சொல்லி ஆயிரம் மணங்களை மறுத்துக்கொண்டிருக்கிறோம். அவன் பட்டத்தைப் பறித்தான்; நம் நாட்டிலே உயிரையே பறிக்கிறார்கள். நோய் ஒன்றே, நம்முடையது முற்றியது.

பின்னர் ஆறு வயதுச் சிறுவன் இராஜகோபாலத் தொண்டைமானுக்கு 1928-இலே முடிசூட்டினார்கள். டாட்டன்ஹாம் என்ற வெள்ளை அதிகாரி 1934 முதல் 1946 வரை நிருவாகியாக இருந்து நாட்டை நடத்தினார். இந்தியா விடுதலை பெற்றபின், 1948 மார்ச் 3-ஆம் நாள் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. குருதி சிந்தவில்லை. அரண்மனையிலே இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. மன்னர் அமர்ந்த இடத்திலே மனுவோடு குடிமகன் நிற்கிறான். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே.

முடி போயிற்று, முடிமன்னர்க்கு மானியம் போகவில்லை. 1955 சனவரியிலே நமது ஆவடியிலே காங்கிரசு மாநாடு கூடிற்று. ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறிற்று. நாடெங்கும் ஆவடியின் பெயர் ஒலித்தது. ஆவடியிலே சமதருமம் பேசிய பிறகும் பதினாறு ஆண்டுகள் முன்னாள் மன்னர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து மானியம் போய்க்கொண்டிருந்தது. 1971-இலே அரசியல் சட்டத்தின் இருபத்தாறாவது திருத்தம்தான் அதனை ஒழித்தது. தீர்மானத்துக்கும் செயலுக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதற்கு ஆவடியே சான்று.

ஒரே மண், இரு குரல்கள்

அந்தச் சிறுநாடு உலகுக்குத் தந்த பெருஞ்செல்வம் அம்மன் காசு அன்று, ஒரு பெண். 1886-இலே புதுக்கோட்டையிலே பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி முறையால் இழிவு சுமத்தப்பட்ட குலத்திலே தோன்றியவர். ஆண்கள் பயிலும் மன்னர் கல்லூரியிலே ஒரு பெண்ணா என்று வைதிகர்கள் வெகுண்டெழுந்தனர். மன்னர் மார்த்தாண்டர் அந்த எதிர்ப்பைத் தள்ளி இடங்கொடுத்தார். அந்தப் புகழை அவருக்குத் தர நாம் தயங்கவில்லை. அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியிலே 1912-இலே பட்டம் பெற்று, 1926-இலே சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவருமானார். பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கச் சட்டமன்றத்திலே போராடினார். வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்ஊராகச் சென்று போராடினார். 1947-இலே சட்டம் வந்தது. 1954-இலே அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

அதே சமஸ்தானத்திலே, திருமயத்திலே, ஓராண்டு கழித்து 1887-இலே பிறந்தவர் சத்தியமூர்த்தி. வெள்ளையனை எதிர்ப்பதிலே சிங்கம். தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சிக்கோ எதிர்ப்பு! கோயிலும் கலையும் பண்பாடும் கெடுமென்று வாதிட்டவர்களின் வரிசையிலே அவர் நின்றார். ஒரே மண்ணிலே பிறந்த இருவர். ஒருவர் விடுதலை என்றால் வெள்ளையன் வெளியேறுவது என்றார். மற்றவர் அடிமைப்பட்ட பெண்ணும் வெளியே வருவது என்றார்.

ஆனால் பகுத்தறிவாளருக்கு நன்றியுணர்வும் வேண்டும். 1939-இலே சென்னை மேயராக இருந்த அதே சத்தியமூர்த்திதான் நகரத்தின் குடிநீருக்காகக் கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைய முன்னின்றார். 1940-இலே பணி தொடங்கி 1944-இலே முடிந்தது. அவர் அதனைக் காணாது 1943-இலேயே மறைந்தார். பூண்டியின் நீர் சோழவரத்துக்கும் புழலுக்கும் போகிறது. பின்னாளிலே வெட்டிய கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்கும் வருகிறது. ஆறில்லாச் சீமையிலே, ஏரிநீரின் அருமையறிந்த மண்ணிலே பிறந்தவர், நம் மேற்குப் பகுதி ஏரிகளுக்கு நீர் வர வழி செய்தார். அந்த நீரைப் பருகுவோம். அவரது வைதிகத்தை மறுப்போம். ஒரு மனிதரின் நன்மையை ஏற்க அவரது பிழையையும் விழுங்க வேண்டியதில்லை.

மிதிவண்டியும் நீர்த்தொட்டியும்

1974 சனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. தஞ்சை மாவட்டத்து அறந்தாங்கிப் பகுதி அதனோடு சேர்ந்தது. அதனாலே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடல் காணாத சீமைக்குக் கடற்கரை வந்தது! மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இன்று புதுக்கோட்டையின் துறைகள். மன்னர்கள் வாளாலும் நட்பாலும் பெறாத கடலை மக்களாட்சி ஓர் ஆணையாலே தந்தது.

1990-களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் அங்கே பரவிற்று. எழுத்தறியாத பெண்கள் எழுத்துக் கற்றனர்; எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று கணக்கிட்டார்கள். மிதிவண்டி என்றால் அம்பத்தூருக்குப் புதிதன்று. 1949-இலே தொடங்கிய மிதிவண்டித் தொழிற்சாலை தானே இந்த ஊரைத் தொழிலூராக்கிய முன்னோடிகளுள் ஒன்று. இங்கே அது தொழில். அங்கே அது விடுதலை. கணவனின் கையையும் பேருந்தின் வரவையும் எதிர்பாராமல், சந்தைக்கும் கல்குவாரிக்கும் பள்ளிக்கும் தானே போய்வரும் பெண்ணைக் கண்டு ஊர் கேலி பேசியது; பிறகு பழகிப்போயிற்று. ஐரோப்பாவை வியப்போர் ஒன்று கருதுக: சுவிட்சர்லாந்து தன் பெண்களுக்கு நாட்டளவிலே வாக்குரிமை கொடுத்தது 1971-இலே, லீக்டென்ஸ்டைன் கொடுத்தது 1984-இலே! செல்வம் சேர்ந்த சிறுநாடும் பெண்ணடிமையிலே பின்தங்கும். வறண்ட சீமையும் பெண்விடுதலையிலே முன்னேறும்.

இந்தப் பெருமிதத்தோடு கட்டுரையை முடித்துவிட மனம் விரும்புகிறது. முடிக்க விடவில்லை வேங்கைவயல். 2022 டிசம்பரிலே, அதே மாவட்டத்திலே, தாழ்த்தப்பட்ட மக்கள் பருகும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருக்கக் கண்டனர். விசாரிக்கச் சென்ற அதிகாரிகள், அருகே தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளையையும், கோயிலுக்குள் நுழைய அம்மக்களுக்கு இருந்த தடையையும் கண்டனர். ஆட்சியரே முன்னின்று அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். எந்த ஆண்டு? 2022! சித்தன்னவாசல் எழுத்தைக் கல்லிலே வெட்டி ஈராயிரம் ஆண்டு. முத்துலட்சுமி கல்லூரி ஏறி நூறாண்டுக்கு மேல். மன்னராட்சி ஒழிந்து எழுபத்துநான்கு ஆண்டு. அரியணை காலியாயிற்று, சாதி தன் இருக்கையை விட்டு எழவில்லை. மழைநீரைத் தேக்கி வாழக் கற்ற மண்ணிலே, நீரிலேயே நஞ்சினும் கொடியதைக் கலக்கும் நெஞ்சம் இருந்திருக்கிறதே, அதனை எந்த நிலப்படத்திலே குறிப்பது?

தோழர்களே, 1849-இலே அடைக்கலம் தந்த சான் மரினோ, இரண்டாம் உலகப் போரிலே தன் மக்கள் தொகையைப் போல் பல மடங்கு, ஒரு லட்சம் அகதிகளைத் தன் மலைச் சுரங்கங்களிலும் வீடுகளிலும் வைத்துக் காத்தது. லக்சம்பர்க் 1914-இலும் 1940-இலும் செருமனியின் காலடியிலே நசுங்கியும், மீண்டெழுந்து, 1984-இலே தன் தாய்மொழியைச் சட்டப்படி நாட்டுமொழியாக்கிக்கொண்டது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது கடலையும் கப்பலையும் பற்றியன்று. ஒரு சிறு நிலத்தார், உள்ளே ஒருவரையொருவர் சமமாக எண்ணினால், வெளியே எவருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை என்பதையே.

ஆகவே பொது அறிவு நூலிலே லீக்டென்ஸ்டைனின் தலைநகர் வாடூஸ் என்று படிக்கும் ஆவடி மாணவன், அடுத்த பக்கத்திலே திருக்களம்பூரையும் குறித்துக்கொள்ளட்டும். திருமயத்தையும், வேங்கைவயலையும் குறித்துக்கொள்ளட்டும். புதுக்கோட்டை நமக்குத் தொலைவன்று. நாம் பருகும் ஏரிநீரிலே அதன் மைந்தர் ஒருவரின் உழைப்பிருக்கிறது. நம் சட்டப் புத்தகத்திலே அதன் மகளொருவரின் போராட்டமிருக்கிறது. நம் தெருவிலே இரட்டைக் குவளை வேறு வடிவிலே இருக்கிறதா, வாடகை வீட்டுக்குச் சாதி கேட்கும் வாய் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்தால் அதனை உடைப்பது, இந்த வரலாற்றைப் படித்த ஒவ்வொருவரும் அடுத்த நாளே தொடங்கக்கூடிய வேலை.